மான்களுக்குக் கொட்டிய சோளம்

வெகு காலத்துக்கு முன்னால் தென்கானம் என்கிற நாட்டைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் வேட்டை என்று வந்துவிட்டால் நல்லது கெட்டது எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு வருஷம் மழை பொய்த்துப்போனது. ராஜாவின் வேட்டைக் காட்டில் புல் கருகியது. மான்கள் வழக்கம்போல ஆற்றோரம் இறங்கிப் போகத் தொடங்கின. வேட்டைத் தலைவன் ரணசிங்கன் ராஜாவிடம் ஓடினான்.

"மகாராஜா, மான்களைப் போகவிடலாமா? சோளத்தைக் கொட்டி இங்கேயே நிறுத்திவிடலாம். கொம்பும் வளரும், உடம்பும் கொழுக்கும்!"

"சோளத்துக்கு எங்கே போவது?"

"குடிகளிடம் இருக்கிறதே!"

ரணசிங்கன் தலைமையில் ஊர் ஊராக வண்டி போயிற்று. பஞ்சத்துக்கென்று பானைகளில் பத்திரப்படுத்தி வைத்திருந்த சோளம் காட்டுக்குப் போயிற்று. தினமும் உச்சிவேளையில் காவலர்கள் கொம்பு ஊதுவார்கள். மான்கள் கூட்டமாக வந்து தொட்டியில் வாய் வைக்கும். பரண்மேல் உட்கார்ந்து ராஜா அம்பு விடுவான். ஒன்றுகூடத் தப்பாது. "அர்ச்சுனனே வந்தாலும் இப்படி எய்ய முடியாது!" என்று ரணசிங்கன் கைதட்டுவான்.

அந்தத் தொட்டியிலிருந்து ஒருநாள் மடி நிறையச் சோளம் அள்ளினாள் குருவாயி. காட்டை ஒட்டிய ஊர்க்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். காவலர்கள் பிடித்துச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"ராஜாவின் மான் தின்னும் தீனியைத் திருடினாயா?" என்று ரணசிங்கன் உறுமினான்.

"திருடினது யாருய்யா? அது எங்க வீட்டுச் சோளம். தொட்டியில கிடந்தா ஒங்களுதாயிருமா?"

சபை அதிர்ந்தது. "இவளுக்குக் கசையடி கொடுங்கள்!" என்று ராஜா கத்தினான்.

மந்திரி ஏகாம்பரனார் எழுந்தார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர் அவர். அன்று அவர் சிரிக்கவில்லை.

"மகாராஜா, காட்டுப் பக்கம் போய்ப் பார்த்தீர்களா? புல்லும் தழையும் தின்ற வயிறு சோளத்தைத் தாங்கவில்லை. மான்கள் வயிறு உப்பிச் செத்துக் கிடக்கின்றன. நாற்றம் ஊர்வரைக்கும் அடிக்கிறது. ஊரிலோ சோளம் இல்லாமல் பிள்ளைகள் சுருண்டு கிடக்கிறார்கள். இங்கே கசையடி யாருக்கு விழ வேண்டும்?"

ரணசிங்கன் ஏளனமாகச் சிரித்தான். மந்திரியைப் பார்த்தாலே அவனுக்கு வயிறெரியும். "வில் பிடிக்கத் தெரியாதவருக்கு வேட்டையைப் பற்றி என்ன பேச்சு? முடிந்தால் நான் நடத்துவதைவிட நல்ல வேட்டையை நீங்கள் நடத்திக் காட்டுங்களேன்!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "சரியான பேச்சு! மந்திரியாரே, நடத்திக் காட்டினால் கேட்டதைத் தருகிறேன். இல்லாவிட்டால் உமக்குப் பதவி போகும், இவளுக்குக் கசையடி விழும்."

"ஒப்புக்கொள்கிறேன். அதுவரை இவள்மேல் ஒரு கை படக்கூடாது."

மறுநாளே ஏகாம்பரனார் தன் சொந்தச் செலவில் அரண்மனைத் தோட்டத்தில் விருந்து வைத்தார். அழைப்பு ரணசிங்கனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும். தினமும் உச்சிவேளையில் கொம்பு ஊதும், இலை விழும். நெய்ச்சோறு, வறுவல், பாயசம்.

"மந்திரி பயந்துவிட்டார்! என்னைச் சரிக்கட்டப் பார்க்கிறார்!" என்று சொல்லிக்கொண்டே ரணசிங்கன் வெளுத்துக் கட்டினான். முதலில் மிடுக்காக நடந்து வந்தவர்கள், சில நாளில் கொம்புச் சத்தம் கேட்டதுமே வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அப்புறம் ஒருநாள் ஏகாம்பரனார் ராஜாவிடம் போனார். "வேட்டை தயார், மகாராஜா. வில்லோடு வாருங்கள்."

தோட்டத்தை ஒட்டிய மாடத்துக்கு ராஜாவை அழைத்துப்போனார்.

"இங்கேயா? என்ன இரை?"

"கொழுத்த இரை. ஓடாது, ஒளியாது. நாணை இழுத்து வையுங்கள்."

கொம்பு முழங்கியது. ரணசிங்கன் முன்னால் ஓடிவர, கூட்டாளிகள் பின்னால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இலைமுன் உட்கார்ந்து குனிந்தவர்கள் நிமிரவில்லை.

"எய்யுங்கள், மகாராஜா!"

ராஜா திடுக்கிட்டான். "யாரை?"

"அதோ, நடுவில் இருக்கிறதே பெரியது, அதை."

சத்தம் கேட்டு ரணசிங்கன் நிமிர்ந்தான். தன் நெஞ்சுக்கு நேரே அம்பு. வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. "மகா... மகாராஜா!" என்று இலைமேலேயே விழுந்தான்.

ராஜா வில்லை வீசி எறிந்தான். முகம் சிவந்துவிட்டது. "ஏகாம்பரனாரே! உமக்குப் பைத்தியமா? சோறு போடுகிறேன் என்று நம்பவைத்துக் கூப்பிட்டு, தின்கிறவனை மறைந்திருந்து கொல்வதா? இதற்குப் பெயர் வேட்டையா? கேடுகெட்ட கோழைகூட இதைச் செய்ய மாட்டான்!"

மந்திரி ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் ராஜாவின் தலை தாழ்ந்தது.

"இதைத்தான் தினமும் செய்தீர்கள்," என்றார் ஏகாம்பரனார். "அதுவும் என்னைப்போல் சொந்தக் காசில் அல்ல, பசித்தவர்களின் சோளத்தில். எனக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம். எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்."

குருவாயியை அன்றே காவலிலிருந்து விடுவித்தார்கள். ராஜாவே அவளிடம் நேரில் போனான். "உனக்கு என்ன வேண்டும், கேள்," என்றான்.

அவள் கும்பிடவில்லை. "ஒங்க கையால பரிசு வாங்கவா நான் வந்தேன்? எங்க சோளம் எங்க வீட்டுக்கு வரணும். அதைத் தூக்கிட்டுப்போன ஆளே தூக்கிட்டு வரணும்."

அப்படியே நடந்தது. பதவி பறிபோன ரணசிங்கன் தலையில் மூட்டையோடு வீடு வீடாக ஏறி இறங்கினான். எடுத்ததில் குறைந்ததை அரண்மனைக் களஞ்சியம் நிரப்பியது. தொட்டிகளை உடைத்தார்கள். மிஞ்சிய மான்கள் ஆற்றோரம் இறங்கிப் போயின.

ராஜா வேட்டையை விடவில்லை. ஆனால் பரண் ஏறாமல் நடந்தே போனான். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பினான். யாராவது கேட்டால், "ஓடிவிட்டது" என்பான், மறைக்காமல்.