ஜமீன்தாருக்கு அழுத ஊர்

பஞ்ச காலத்தில் ஜமீன் குளத்தில் மீன் பிடித்தான் என்று மாடத்தியின் புருஷனை அடித்து அரண்மனைக் கொட்டடியில் அடைத்திருந்தார்கள். மாடத்தி இழவு வீடுகளில் ஒப்பாரி பாடிப் பிழைப்பவள். ஜமீன்தார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நான் செத்தா ஊர் எப்படி அழும்னு பார்க்க ஆசை. நாளைக்குச் செத்தவன் மாதிரி படுத்துக்குவேன். எல்லாரும் நிஜமா அழணும். அழுதா உன் புருஷன் வீட்டுக்கு வருவான். இல்லேன்னா அவனுக்கும் நீதான் ஒப்பாரி பாடணும்.”

மறுநாள், ஜமீன்தார் செத்துப்போனார் என்று நம்பி ஊரே அரண்மனை முற்றத்தில் கூடியது. மாடத்தி தொண்டை கிழியப் பாடினாள். ஒரு கண்ணும் நனையவில்லை. சனங்கள் வெயிலுக்கு நிழல் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். பாடையில் கிடந்த ஜமீன்தாருக்கு மீசை துடித்தது. மாடத்தி அதைப் பார்த்துவிட்டாள்.

பாட்டை நிறுத்திவிட்டு, முன்னால் நின்ற கிழவரின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தச் சொல் காதுக்குக் காது பரவ, முற்றமே கதறியது.

ஜமீன்தார் பூரித்துப்போய் எழுந்து உட்கார்ந்தார். யாரும் திகைக்கவில்லை. அழுகைதான் இன்னும் பலத்தது.

“கொட்டடியைத் திறங்கடா!” என்றார்.

நடக்க முடியாத புருஷனை மாடத்தி தோளில் தாங்கிக்கொண்டாள்.

“அப்படி என்னடி சொன்னே அவங்ககிட்ட?” என்று கேட்டார் ஜமீன்தார்.

“பொய் ஒண்ணும் சொல்லலை சாமி. நீங்க இன்னும் சாகலைன்னு சொன்னேன்.”

அவளை அடிக்க ஜமீன்தார் கையை ஓங்கினார். ஊர் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.