ரேகை விழாதவர்கள் செத்தவர்கள்

முன்னொரு காலத்தில் சாரலூர் நாட்டைச் சித்திரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் புதுசாக எதைக் கண்டாலும் மயங்கிவிடுவார். ஒரு வருஷம் கிளி வளர்ப்பார். மறு வருஷம் அரண்மனைச் சுவரெல்லாம் கண்ணாடி பதிப்பார்.

அந்த நாட்டில் வயதானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் மாதாமாதம் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து அரிசி அளப்பது ராஜாவின் அப்பா காலத்து வழக்கம். களஞ்சியத்துக்கு அதிகாரி குணபூஷணர். மந்திரி திருமலையப்பரின் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். ராஜாவிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமென்று ஒருநாள் மெழுகுத் தட்டு ஒன்றோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, செத்தவர்கள் பேரில் யாரோ அரிசி வாங்கித் தின்கிறார்கள். இனி அரிசிக்கு வருகிறவர்கள் இந்த மெழுகில் கட்டைவிரலை அழுத்தட்டும். ரேகை விழுந்தால் உயிரோடு இருக்கிறார். விழாவிட்டால் செத்துவிட்டார். யாரும் ஏமாற்ற முடியாது."

ராஜாவுக்குத் தட்டு பிடித்துப்போயிற்று. தம் விரலை அழுத்திப் பார்த்தார். ராணியை அழுத்தச் சொன்னார். பட்டத்து யானையின் காலை வைத்துப் பார்த்ததில் தட்டு நொறுங்கியது. வேறு தட்டு வந்தது. மந்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜா கேட்கிற நிலையில் இல்லை. உத்தரவில் முத்திரை விழுந்துவிட்டது.

அடுத்த மாதம் களஞ்சியத்துக்கு வெள்ளையம்மா வந்தாள். இளவயதிலிருந்து சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவள். சுண்ணாம்பு அரித்து விரலெல்லாம் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. அழுத்தினாள், மெழுகில் வெறும் பள்ளம்தான் விழுந்தது.

"ரேகை இல்லை. நீ செத்துவிட்டாய்," என்றார் குணபூஷணர்.

"அப்ப இங்கே நின்னு பேசுறது யாருங்க?"

"அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. அடுத்த ஆள்."

அடுத்த ஆள் மாரப்பன். பழைய போர்வீரன். அவனுக்கு இரண்டு கைகளும் இல்லை. குணபூஷணர் தலையை நிமிர்த்தாமலே, "விரலோடு வா, அரிசி தருகிறேன்," என்றார்.

இரண்டு பேரும் அக்கம்பக்கத்தார் ஊற்றிய கஞ்சியில் சில நாள் தள்ளினார்கள். அக்கம்பக்கத்திலும் கஞ்சி குறைந்தது. வேறு வழியில்லாமல் மந்திரி வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

நடந்ததைக் கேட்டு மந்திரி மீசையைத் தடவினார். "செத்துவிட்டாய் என்றே சொன்னாரா?"

"ஆமா சாமி. அந்த வார்த்தையேதான்."

"நல்லதாய்ப் போயிற்று. நாளைக்குச் சபைக்கு வாருங்கள். செத்தவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்."

மறுநாள் குணபூஷணர் சபைக்கு வந்தபோது அவருடைய ஆசனத்தில் வெள்ளையம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவருடைய வெற்றிலைத் தட்டு அவள் மடியில். பக்கத்தில் மாரப்பன் நின்றான். அவன் வாயில் அவள் ஒரு வெற்றிலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"காவலா, இவர்களைப் பிடித்துச் சிறையில் போடு," என்று கத்தினார் குணபூஷணர்.

"யாரைப் பிடிப்பது?" என்றார் மந்திரி. "இவர்கள் செத்தவர்கள். நீரே சொல்லியிருக்கிறீர். செத்தவர்களைச் சிறையில் போட நம் நாட்டில் சட்டம் இல்லையே."

ராஜாவுக்குச் சுவாரசியம் தட்டியது. "குணபூஷணரே, பதில் சொல்லும்."

"அப்படியென்றால் பேய்கள். பூசாரியைக் கூப்பிட்டு ஓட்டுவோம், மகாராஜா."

"கூப்பிடுங்க," என்றாள் வெள்ளையம்மா. "படையல் போடாம எந்தப் பூசாரி பேய் ஓட்டுவான்? சோறும் கறிக்குழம்பும் வரட்டும். என் வெத்தலைய எடுத்துட்டாளேன்னு மனசு சங்கடப்படாதீங்க ஐயா, செத்தவளுக்குப் படைச்சதா நெனச்சுக்குங்க. இன்னொண்ணு, பேய் தன்னைக் கொன்னவர் வீட்டுலதான் தங்கணும்னு சொல்லுவாங்க. சாயங்காலம் நாங்க உங்க வீட்டுக்கு வந்துர்றோம். ஊருக்குள்ள எங்களாட்டம் செத்தவங்க நெறைய பேர் இருக்காங்க. எல்லாரையும் கூட்டியாறேன்."

சபை குலுங்கிச் சிரித்தது. குணபூஷணர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிறகு மெல்ல, "இவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், மகாராஜா," என்றார்.

"காது கேட்கவில்லை," என்றார் மந்திரி.

"உயிரோடுதான் இருக்கிறார்கள்."

சிரித்துக்கொண்டிருந்த ராஜா மாரப்பனைப் பார்த்தார். "உன் கைகள் எங்கே போயின?"

"உங்க அப்பா போட்ட வடக்குச் சண்டையில விட்டுட்டு வந்தேன், மகாராசா. தேடி எடுத்தாரச் சொல்றாரு இவரு."

ராஜாவின் சிரிப்பு நின்றது. முத்திரை போட்டது தம் கைதான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மெழுகுத் தட்டுகளை எல்லாம் மெழுகுவத்தி செய்ய அனுப்பினார். "இனி களஞ்சியத்துக்கு வர முடியாதவர்கள், அரிசியைச் சுமக்க முடியாதவர்கள் வீட்டுக்கு அரிசி போக வேண்டும். குணபூஷணரே, நீரே சுமந்துபோய், முகத்தைப் பார்த்து, நாலு வார்த்தை பேசிக் கொடுத்துவிட்டு வாரும்," என்றார். மந்திரிக்கு முத்துமாலை கொடுத்தார். வெள்ளையம்மாவுக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

"சால்வை நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "அப்படியே களஞ்சிய வாசல்ல உக்கார ரெண்டு பலகையும் போடச் சொல்லுங்க. வரிசையில நிக்க முட்டி தாங்கல." பலகையும் வந்தது.

அந்த வாரமே குணபூஷணர் மூட்டையோடு மாரப்பன் குடிசைக்குப் போனார். வியர்வையில் பட்டு அங்கவஸ்திரம் உடம்போடு ஒட்டியிருந்தது.

"எங்கே வைப்பது?"

"அந்தப் பானையில கொட்டிருங்க. அப்படியே ரெண்டு படி கழுவி உலையில போட்டுட்டுப் போங்க. எனக்குக் கை இல்ல பாருங்க," என்றான் மாரப்பன்.

குணபூஷணர் வாசலை ஒருமுறை பார்த்தார். தெரிந்தவர் யாரும் வரவில்லை. அங்கவஸ்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினார்.