விலாவில் பட்டை போட்ட பன்றி

கரடுமுடி என்ற காட்டுப்பன்றிக்கு அன்று காலையிலிருந்தே வலது விலாவில் தினவு. சேற்றில் புரண்டு எழுந்தால் தினவெடுப்பதும், தினவெடுத்தால் எதிலாவது போய் உராய்வதும் பன்றிக் குலத்தின் வழக்கம். மரமா, பாறையா, யாருடையது என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை. அன்று அகப்பட்டது, கணவாய்க்கு ஏறும் பாதையோரத்தில் நின்ற ஒரு பாறை.

அந்தப் பாறையில் சற்று முன்புதான் ஒரு மனிதன் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தான். மேலே ஒரு வெள்ளைப் பட்டை, கீழே ஒரு சிவப்புப் பட்டை.

மத்தியதரைக் கடலில் கிடந்த அந்தத் தீவு முழுக்க மலை. மலை முழுக்கக் காடு. ஆள் உயரத்துக்கு மண்டிய முட்புதருக்குள் வழி என்று எதுவும் தெரியாது. அதனால்தான் கோடை தொடங்கும்போது பாறைகளிலும் மரங்களிலும் இந்த இரட்டைப் பட்டையைப் புதுப்பித்து வைப்பார்கள். முதுகில் தங்களைவிடப் பெரிய பையைச் சுமந்து வரும் நடைக்காரர்கள், பட்டையைப் பார்த்துப் பார்த்து நடப்பார்கள். பட்டை கண்ணில் படும் வரை அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. அது எங்கே கூட்டிப் போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

கரடுமுடி கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உராய்ந்தது. வெள்ளையும் சிவப்பும் அப்படியே அதன் விலாவில் ஏறின. பெயின்ட் பட்டதும் தினவு இரண்டு மடங்காயிற்று. வீடு போகும் வழியில் இருந்த ஓக் மரங்களில் ஒன்றைக்கூட விடாமல் உராய்ந்துகொண்டே போயிற்று. ஒவ்வொரு மரத்திலும் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு. பன்றி திரும்பிப் பார்க்கவில்லை. உராய்ந்த மரத்தைத் திரும்பிப் பார்க்கும் பன்றி இன்னும் பிறக்கவில்லை.

அதன் வீடு ஒரு மலை இடுக்கில் இருந்தது. செஸ்நட் மரங்களின் அடியில் ஓர் ஊற்று. ஆகஸ்ட் மாத வெயிலில் மலையின் மற்ற நீரெல்லாம் வற்றிப் போகும். இது மட்டும் கசிந்துகொண்டிருக்கும். கரடுமுடியும், அதன் மனைவி சேற்றழகியும், ஏழு குட்டிகளும் கோடையைத் தாண்டுவது அந்த ஊற்றை நம்பித்தான். வெளியார் யாருக்கும் அந்த இடம் தெரியாது.

சேற்றழகி கணவனை மேலும் கீழும் பார்த்தது. காட்டுப்பன்றிக் குட்டிகளுக்குத்தான் உடம்பில் கோடு இருக்கும், வளர்ந்தால் மறைந்துவிடும்.

"என்னங்க, இந்த வயசுல குட்டி மாதிரி கோடு போட்டுக்கிட்டு எங்க சுத்திட்டு வர்றீங்க?"

தன் விலாவைத் தானே பார்க்கும்படி பன்றியின் கழுத்தைக் கடவுள் படைக்கவில்லை. மனைவி வழக்கம்போல் எதையோ சொல்கிறாள் என்று கரடுமுடி நினைத்துக்கொண்டது.

சில நாள் கழித்து மலையில் மூடுபனி இறங்கியது. கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கரடுமுடிக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூன்று மனிதர்கள். பின்னால் மனிதன் வந்தால் துப்பாக்கி என்பது பரம்பரைப் பாடம். கரடுமுடி ஓட்டமாக நடந்தது. அவர்களும் வேகமாக நடந்தார்கள். அது நின்றது. அவர்களும் நின்றார்கள். இடது பக்கம் திரும்பி நடந்தது. அவர்களும் இடது பக்கமே வந்தார்கள். புதருக்கும் பனிக்கும் நடுவே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் பட்டையும் ஒரு சிவப்புப் பட்டையும் மட்டும்தான். அதைப் பன்றி எப்படி அறியும்?

துப்பாக்கி வெடிக்கவே இல்லை. பிறகு ஏன் பின்னாலேயே வந்தார்கள், நம்மிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று அன்று முழுக்க அது தன்னையே கேட்டுக்கொண்டது. நேர்மையான கேள்விதான். பதில்தான் கெட்டுப்போயிற்று. நடையாக இருக்கலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு மூக்காகவும் இருக்கலாம் என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள், இரண்டுமேதான் என்று தெளிந்துவிட்டது.

அதன் பிறகு கரடுமுடி கிழங்கு தோண்டுவதை விட்டது. தலையைக் கீழே போட்டால் பின்னால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சேற்றில் புரள்வதையும் விட்டது. பனி விழுந்த நாளெல்லாம் பாதையோரம் போய், விலாவைக் காட்டிக்கொண்டு நிதானமாக நடந்தது.

பாறை விளிம்பில் நின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது சுருள்கொம்பன் என்ற காட்டுச் செம்மறிக்கிடா. "தலைவரே, இன்னைக்கு எத்தனை தொண்டர்?" என்று மேலிருந்து குரல் கொடுத்தது.

"ஐந்து பேர்."

"அவங்க வர்றது உனக்காக இல்லடா. உன் விலாவில ஒட்டியிருக்கே, அந்தச் சாயத்துக்காக."

பொறாமையில் பேசுகிறான் என்று கரடுமுடி மன்னித்துவிட்டது. மன்னிப்பதும் தலைவர்களுக்கு உரிய குணம் அல்லவா!

ஆகஸ்ட் வந்தது. ஓக் மரங்களில் இருந்த பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, முதலில் இரண்டு பேர் ஊற்றுக்கே வந்து சேர்ந்தார்கள். முகம் கழுவினார்கள். நம்மைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார்களே என்று கரடுமுடிக்குக் கண் கலங்கியது. சேற்றழகி குட்டிகளை ஓட்டிக்கொண்டு முட்புதருக்குள் புகுந்தது.

அடுத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கூடாரம் அடித்தார்கள். ஊற்றில் காலுறை அலசினார்கள். சோப்பு நுரை செஸ்நட் வேர் வரை மிதந்தது. இரண்டு நாளாகியும் அவர்கள் கிளம்புகிற வழியாக இல்லை. புதருக்குள் குட்டிகள் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. கடைசிக் குட்டி எழுந்து நிற்க முயன்று, முடியாமல் விழுந்தது.

சேற்றழகி சத்தம் போடவில்லை. அதுதான் கரடுமுடிக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இவங்க போகலைன்னா, நான் பிள்ளைங்களோட மலைக்கு அந்தப் பக்கம் போறேன்."

"அங்க வேட்டைக்காரன் நாய் இருக்கு."

"நாய் கடிச்சா உயிர் ஒரேயடியாப் போயிடும். இங்க சொட்டுச் சொட்டா சாக வேண்டியிருக்கு."

கரடுமுடி நெஞ்சை நிமிர்த்தியது. இவர்கள் நம் ஆட்கள், நாம் போனால் பின்னாலேயே வந்துவிடுவார்கள், நாளைக்கே கணவாயில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தது. சேற்றழகி கடைசிக் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அந்தப் பன்னிரண்டு பேரும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பட்டையைத் தேடினார்கள். ஊற்றுக்கு அப்பால் பட்டையே இல்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள், தலைகீழாகவும் பார்த்தார்கள். அப்போது புதருக்குள் வெள்ளையும் சிவப்பும் தெரிந்தன. "அதோ!" என்று ஒருவன் கத்தினான். பன்னிரண்டு பேரும் புதருக்குள் பாய்ந்தார்கள்.

கரடுமுடி தன் வாழ்நாளில் அவ்வளவு கம்பீரமாக நடந்ததில்லை. முட்புதரைப் பிளந்து, சரிவில் ஏறி, வெயில் உறைக்கும் நேரத்தில் அவர்களைக் கணவாய்ப் பாதைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அன்று தான் உராய்ந்த அதே பாறையின் அருகே வெட்டவெளியில் நின்றது. அவர்கள் நன்றி சொல்வார்கள். ஒருவேளை அழவும் செய்வார்கள். எப்படி விடை கொடுப்பது என்று அது யோசித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் பாறையைப் பார்த்தார்கள். அதில் பட்டை இருந்தது. ஆரவாரம் செய்தார்கள். ஒருவன் பாறையைத் தட்டிக்கொடுத்தான். இன்னொருவன் அதற்கு முத்தமே கொடுத்துவிட்டான். குறுக்கே நின்ற பன்றியை ஒரு பெண் கைத்தடியால் "சூ, சூ" என்று விரட்டினாள். பன்னிரண்டு பேரும் அதைத் தாண்டிக் கணவாய் நோக்கிப் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

மேலே விளிம்பிலிருந்து குரல் வந்தது. "என்ன தலைவரே, கட்சி மாறிட்டாங்களா?"

கரடுமுடி வெகுநேரம் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றது. அதில் மேலே ஒரு வெள்ளை, கீழே ஒரு சிவப்பு. குறுக்கே தன்னுடைய மயிர் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நடையும் மூக்கும் அதில் எங்கேயும் இல்லை.

அது இடுக்குக்கு ஓடியது. சேற்றில் புரண்டது. ஓக் மரம் ஒவ்வொன்றாகப் போய், தான் வைத்த பட்டைகள் மறையும் வரை சேற்றை அப்பித் தேய்த்தது. கடைசியாகச் சொரசொரப்பான கருங்கல் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தன் விலாவைத் தேய்த்தது. பெயின்ட் போயிற்று, கூடவே மயிரும் போயிற்று, கொஞ்சம் தோலும் போயிற்று.

அன்று மாலை குட்டிகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன. கடைசிக் குட்டி ஊற்றுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

அடுத்த மூடுபனியில் இரண்டு பேர் கரடுமுடிக்குப் பத்தடி தள்ளி நடந்து போனார்கள். அதை அவர்கள் பார்க்கவே இல்லை. கரடுமுடிக்கு அது நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஒரு பெருமூச்சு விட்டது.

சேற்றழகிக்கு அது கேட்டுவிட்டது. "நாங்க எட்டுப் பேர் தினமும் உங்க பின்னாலதான் வர்றோம். நீங்க வழி தப்பும்போது மட்டும் நான் முன்னால போயிடறேன். போதாதா?"

கரடுமுடி தலையைக் கீழே போட்டுக் கிழங்கு தோண்டத் தொடங்கியது.

தன் பின்னால் கூட்டம் வருகிறதே என்று பூரிக்கிறவன், அது தன்னைப் பார்த்து வருகிறதா, தன்மேல் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து வருகிறதா என்று தன் வீடு பறிபோவதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.