மூணு ஹெல்மெட்டும் நாலு தலையும்

இந்தக் கதைல ஒவ்வொரு சொல்லும் நெசம். நம்பலன்னா சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன். தலைல அடிச்சு மட்டும் பண்ண மாட்டேன். ஏன்னா, அதுதான் கதையே.

ஒரு ஊர்ல ஒரு குடும்ப கோர்ட்டு. அங்க கவுன்சிலர் பிலோமினா மேடம். பிரியணும்னு வர்ற புருசன் பொண்டாட்டிய உக்கார வச்சுப் பேசறதுதான் அவங்க வேலை. பேச்ச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு கடலை மிட்டாய் குடுத்துருவாங்க. வாய்ல மிட்டாய் ஒட்டிக்கிட்டா கத்த முடியாதுல்ல?

அவங்ககிட்ட வந்தாங்க பாண்டித்துரையும் அமுதவல்லியும். அவரு மினி பஸ் டிரைவரு, அந்தம்மா கார்மெண்ட்ஸ்ல தையலு. பத்து வருசமா எதுலயும் ஒத்துப் போகாதவங்க, பிரியறதுல மட்டும் டக்குனு ஒத்துப் போயிட்டாங்க. கிரைண்டரு அந்தம்மாவுக்கு, டிவி அவருக்கு. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது. பாக்கி இருந்தது மகிழினி. எட்டு வயசு, முன்பல்லு ரெண்டு இல்ல. வாய் மட்டும் நாலு பேருக்குச் சேத்து வச்சது.

பிலோமினா மேடம் கண்டிசனாச் சொன்னாங்க: "பிள்ளைய ஜட்ஜம்மா தனியாக் கூப்ட்டுப் பேசுவாங்க. என்ன சொல்லணும்னு நீங்க யாரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாது. அது மனசுல என்ன இருக்கோ அதச் சொல்லட்டும்."

"எங்க புள்ள மேல சத்தியமா சொல்லிக் குடுக்க மாட்டோம் மேடம்"னு ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சொன்னாங்க. அடடா, என்ன ஒத்துமை!

ஞாயித்துக்கெழமை பாண்டித்துரை மகளப் பரோட்டா கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. சால்னாவ ஊத்திக் குடுத்துட்டு, "பாப்பா, ஜட்ஜம்மா கேட்டா அப்பாதான் வேணும்னு சொல்லணும். என் தலைல கை வச்சு சத்தியம் பண்ணு"ன்னாரு. புள்ள சால்னாக் கையோட பண்ணிருச்சு.

திங்கக்கெழமை அமுதவல்லி தலை சீவி விட்டுக்கிட்டே, "கண்ணு, அம்மாதான் வேணும்னு சொல்லணும். எங்க, என் தலைல கை வையி"ன்னாங்க. அதுக்கும் பண்ணிருச்சு. ரெட்டை சடை போட்ட மாதிரி ரெட்டை சத்தியம்.

ஸ்கூல்ல பக்கத்து பெஞ்சுக்காரிகிட்ட விசாரிச்சுது: "சத்தியத்த மீறுனா என்னடி ஆகும்?"

"யாரு தலைல பண்ணமோ அந்தத் தலை வெடிச்சிரும். எங்க தெருவுல ஒரு ஆளுக்கு வெடிச்சிருக்கு."

கோர்ட்டு நாள் வந்துச்சு. வராந்தா பெஞ்சுல இந்த மூலைல பாண்டித்துரை, அந்த மூலைல அமுதவல்லி. ரெண்டு பேரு தலைலயும் ஹெல்மெட்டு. கழட்டப் போனா மகிழினி வீல்னு கத்துது. வாசக் காவலுக்கு நின்ன ஏட்டையா, "யோவ், இங்க விவாகரத்தா, பைக் ரேஸா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு.

பிலோமினா மேடம் புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போயி மிட்டாயக் குடுத்தாங்க. வாங்கல. மிட்டாய் வேணாம்ங்கற பிள்ளைய அவங்க அந்த ரூம்ல பாத்ததே இல்ல.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உங்க தலைல சத்தியம் பண்ணுங்க மிஸ்."

பண்ணாங்க. வேற வழி?

"நான் யார் பேரச் சொன்னாலும் இன்னொருத்தர் தலை வெடிச்சிரும் மிஸ். அதான் ரெண்டு பேருக்கும் மாட்டி விட்டேன். ஹெல்மெட்டு தாங்கும்ல மிஸ்?"

அவங்களுக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்குச்சு. வெளிய போயி சொல்லிட்டா சத்தியம் போச்சு. சொல்லாம விட்டா, இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தப் பிஞ்சு ஜட்ஜம்மா முன்னாடி போயி, அப்பனையா ஆத்தாளையா யாரச் சாகடிக்கறதுன்னு முடிவு பண்ணணும்.

என்ன செஞ்சாங்க தெரியுமா? புள்ளைய வெளிய கூட்டிட்டு வந்து வாசப்படில நிறுத்திட்டு, ஏட்டையாகிட்ட ஹெல்மெட்ட இரவல் வாங்கி மாட்டிக்கிட்டு, ரெண்டு பேருக்கும் நடுவுல போயி கம்முனு உக்காந்தாங்க.

"என்ன மேடம் நீங்களும்?"

"உங்க மககிட்ட ஒரு சத்தியம் பண்ணிருக்கேன். என்னன்னு கேக்காதீங்க. சொன்னா என் தலை வெடிச்சிருமாம்."

பாண்டித்துரை மெல்லத் திரும்பி அமுதவல்லியப் பாத்தாரு. "அடிப்பாவி... நீயும் சத்தியம் வாங்குனியா?"

"அப்ப நீங்களும்தானா?"

ரெண்டு பேரும் எந்திரிச்சு மகள்கிட்ட போயி, "நீ பண்ண சத்தியத்தத் திருப்பிக் குடுத்துட்டோம் தங்கம், உன் மனசுல இருக்கறதச் சொல்லு"ன்னாங்க. புள்ளைக்குப் போன உசுரு வந்துச்சு. ஆனா பிலோமினா மேடம் மட்டும் ஹெல்மெட்டுக்குள்ளருந்து மொறைக்கறாங்க: "எல்லாம் சரி. ஹெல்மெட்டு மூணுதான் இருக்கு. இங்க இருக்கறது நாலு தலை. வேண்டியவங்களுக்குப் போடலையே?"

இப்ப சொல்லுங்க. சத்தியம் பலிக்கும்னா, அன்னிக்கு அந்த வராந்தாவுல வெடிச்சிருக்க வேண்டிய தலை யாரு தலை?

தெரியலையா? மகிழினி பண்ண சத்தியத்தப் பெத்தவங்களே திருப்பிக் குடுத்துட்டாங்க, மீறல. மேடம் சத்தியம் பண்ணேன்னாங்களே ஒழிய ரகசியத்த வெளிய விடல. மீறுன சத்தியம் ஒண்ணே ஒண்ணு: "சொல்லிக் குடுக்க மாட்டோம்"னது. அத யாரு மேல பண்ணாங்க? "எங்க புள்ள மேல." ஆக, வெடிச்சிருக்க வேண்டியது ஹெல்மெட்டே இல்லாம நின்ன அந்தக் குட்டித் தலை! பாண்டித்துரைக்கு அது உறைச்சதும் தன் ஹெல்மெட்டக் கழட்டி மகளுக்கு மாட்டுனாரு. மூக்கு வரைக்கும் எறங்கிருச்சு. அப்படியே உள்ள போயி, "ஸ்கூல் பக்கம்ங்கறதால அம்மா வீடு, லீவு நாள்ல அப்பா வீடு. எந்த வீட்டுலயும் தலைல கை வைக்கச் சொல்லக் கூடாது"ன்னுச்சாம். ஜட்ஜம்மா அப்படியே எழுதிட்டாங்க.

சரி, விடை தெரியாதவங்க எனக்கு ஒரு டீ, ஒரு வாழக்கா பஜ்ஜி. தெரிஞ்சவங்க ரெண்டு பஜ்ஜி, அவ்வளவு அறிவு இருந்தும் வாயத் தொறக்காம உக்காந்திருந்ததுக்கு அபராதம். இப்பவே எடுங்க. "நாளைக்குத் தர்றேன்"னு யாரும் என் தலைல சத்தியம் பண்ணக் கூடாது. என்கிட்ட ஹெல்மெட்டு கெடையாது!