தேதி மட்டும் பார்த்த வார்டன்

ஒரு ஊர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல் இருந்துச்சாம். அதுக்கு ஒரு வார்டன், கிருபாவதி மேடம். இடுப்புல சாவிக்கொத்து. நடந்தா ஜலக் ஜலக்னு சத்தம் வரும். யமுனா, ம் சொல்லு. அத்தை சுவத்துக்குக் கதை சொல்ல மாட்டேன்.

ம். மேடத்துக்கு ஒரே சட்டம்தான். பாக்கெட்ல தேதி தாண்டிடுச்சா, குப்பை. தாண்டலையா, அமிர்தம். அப்போ மூக்கு எதுக்கு, நாக்கு எதுக்குன்னு யாரு கேக்கறது?

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், சமையல் பண்ற செங்கமலம் அக்கா சேமியா வறுக்க பாக்கெட்டை எடுத்தாங்க. மேடம் வெடுக்குனு பிடுங்கிப் பாத்தாங்க.

"மார்ச் மாசம்னு போட்டிருக்கு! இப்போ ஆகஸ்ட்! கெட்டுப்போன சரக்க வாங்கிப் போட்டு பொண்ணுங்களக் கொல்லப் பாக்கறியா? பையத் தூக்கு. இன்னியோட உனக்கு வேலை இல்ல."

"மேடம், ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன் மேடம்..." அக்கா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

அப்போ தட்டோட வரிசையில நின்ன மங்கைக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. காலேஜ் பொண்ணு. சும்மா இருன்னா, எதுக்கு இருக்கணும்னு கேக்கற ரகம்.

"விசாரிக்காம அனுப்பறது அநியாயம் மேடம்."

"நீ யாருடி கேக்க?"

"அந்த சேமியாவச் சாப்பிடப் போறவ."

பொண்ணுங்க எல்லாம் தட்டுல தட்டினாங்க. டங் டங் டங்!

"சரி, மூணு பாக்கெட் வைக்கிறேன். மூணுலயும் நான் சொல்றது தப்புன்னு காட்டி நீ ஜெயிச்சா இவ இருக்கட்டும். ஒண்ணு தோத்தாலும் கிளம்பணும்."

மொதல்ல சேமியா. மங்கை திருப்பிக் காட்டினா. "இது பேக் பண்ணின தேதி மேடம். கீழ எறும்பாட்டம் எழுத்து இருக்கு பாருங்க." மேடம் கண்ணாடிய இறக்கிப் படிச்சாங்க: பேக் பண்ணதுலேர்ந்து ஒன்பது மாசம் வரைக்கும் சாப்பிடலாம்.

"அப்போ டிசம்பர் வரைக்கும் கவலையே இல்ல. பொறந்த நாளப் போய் செத்த நாள்னு சொல்றீங்களே!"

அப்புறம் பிஸ்கட். "இது நிஜமாவே போன வாரம் தாண்டிடுச்சு. இப்போ என்ன சொல்ற?"

"இதுக்குள்ள சாப்பிட்டா சிறப்புன்னுதான் போட்டிருக்கு மேடம். அதுவரைக்கும் மொறுமொறுப்புக்கு கம்பெனி பொறுப்பு. மறுநாளே விஷமாகிடாது. பாக்கணும், மோந்து பாக்கணும், அப்புறம்தான் தீர்ப்பு."

கவர் கிழியல. ஈரம் படல. பூஞ்சை இல்ல, சிக்கு வாசனை இல்ல. உடைச்சா... மொறுக்!

"இன்னொண்ணு. இந்த பிஸ்கட்ட அக்கா வாங்கினது ஜனவரில. இத்தன நாளா எடுக்க விடாம பூட்டி வச்சது யாரு?"

எல்லார் கண்ணும் சாவிக்கொத்துக்குப் போச்சு.

தூங்கிட்டியா? ம்? அப்பாடா. இனிமேதான் சண்டையே.

மூணாவதா மேடம் ஒரு பால் பாக்கெட்டை டொப்புனு வச்சாங்க. "காலையில நானே வாங்கினது. நாளைக்கு வரைக்கும் தேதி இருக்கு. இதுல குறை சொல்லு பாப்போம்!"

பாக்கெட் பலூனாட்டம் உப்பிக் கிடந்துச்சு. பின்ன? காலையிலேர்ந்து மேடம் ரூம் ஜன்னல்ல, வெயில்ல காஞ்ச பால்.

"பால்ல தேதி தாண்டினா நான் வாதாடவே மாட்டேன் மேடம், கொட்டிடணும். ஆனா அந்தத் தேதியே ஃப்ரிட்ஜ்ல வச்ச பாலுக்குத்தான். இது கெட்டுப் போச்சு."

"தேதி இருக்குடி!"

"அப்போ நீங்களே வெட்டுங்க."

மேடம் கத்தரிக்கோல வச்சதுதான் தாமதம், புஸ்ஸ்ஸ்! திரிதிரியா வழிஞ்சுது. நாத்தம்னா நாத்தம், குடலப் பொரட்டற நாத்தம்.

"அமிர்தம் மேடம், அமிர்தம்!" பொண்ணுங்க மூக்கப் பொத்திக்கிட்டுக் கத்தினாங்க.

மேடம் குரல் கீழ இறங்கிடுச்சு. "செங்கமலம்... நீ இரு."

அக்கா நகரல. "இருக்கேன் மேடம். கொல்லப் பாக்கறேன்னு இத்தன பேர் முன்னாடி சொன்னீங்க. அது தப்புன்னும் இவங்க முன்னாடியே சொல்லுங்க."

மேடம் பொண்ணுங்க பக்கம் திரும்பிச் சொன்னாங்க: "தப்புதான் செங்கமலம். என் தப்பு."

டங் டங் டங் டங்! ஹாஸ்டலே அதிர்ந்துச்சு. அக்கா கண்ணத் தொடச்சு, முந்தானைய இழுத்துச் செருகி, வாணலியில சேமியாவக் கொட்டினாங்க. சலசலசல...

சேமியா செவந்தாச்சு, வழக்கு ஜெயிச்சாச்சு. யமுனா கண்ணும் மூடியாச்சு.