மச்சான் பிடித்த கயிறு

“அவங்க என்னை ஏம்மா ஒரு வார்த்தைகூடத் திட்ட மாட்டேங்கிறாங்க?”

செவணன் இதைக் கேட்டபோது மடத்தம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரு?”

“மலையில இருக்கிறவங்க. பெள்ளன் வீட்டுக்காரங்க. என் தங்கச்சி. எல்லாரும்தான்.”

“திட்டினா நல்லா இருக்குமா?”

“நிம்மதியா இருக்கும்.”

“அப்ப நான் திட்டறேன். நார் உரிக்காத காயையெல்லாம் கூடையில போட்டது நீங்கதானே அண்ணா? அறிவு வேணாம்?”

செவணன் சிரிக்கவில்லை. நார் உரிக்க உட்கார்ந்தான்.

மடத்தம்மா அவனுக்குக் குரு. வயதில் அவனுக்கு இளையவள். அதனால் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். குரு சீடனை அண்ணா என்று கூப்பிடுவதா என்று பெரிய மடத்திலிருந்து வந்த சாமியார் ஒருவர் முகம் சுளித்தார். “தம்பினு கூப்பிட்டா பொய்யாயிடுமே,” என்று சொல்லி அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மடம் மலையடிவாரத்தில் இருந்தது. மலைமேல் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். காட்டு வழியில் அவர்களைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது செவணன் வேலை. யானை வந்தால் முன்னால் நிற்பான். ஆற்றில் தண்ணீர் ஏறினால் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் கரைசேர்ப்பான். அவன் வந்த பிறகு யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அவன் மட்டும் கூரைக்குக் கீழே படுக்க மாட்டான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் உப்பில்லாத கஞ்சியைக் குடிப்பான். யாராவது கையைப் பிடித்து நன்றி சொன்னால், சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவன்போலக் கையை இழுத்துக்கொள்வான்.

மடத்தம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பொறுமை அதிகம். சோம்பலும் அதிகம். எந்த நேரத்தில் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.



செவணனின் மலையில் தேன் எடுப்பது இப்படி.

செங்குத்தான பாறையில் அடை தொங்கும். ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, புகை போட்டுத் தேனீயை விரட்டி, அடையை அறுப்பான். அந்தக் கயிறு மேலே ஒரு மரத்தைச் சுற்றி வந்து இன்னொருவன் கையில் இருக்கும்.

அந்த இன்னொருவன் யார் என்பதில் மலைக்காரர்கள் ரொம்பக் கண்டிப்பு. கூடப் பிறந்தவன் பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும். சிநேகிதனும் கூடாது. பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவளை விதவையாக்க எவனுக்கு மனசு வரும்?

மலைக்காரர்கள் மனிதர்களை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். தேனீயைத்தான் முழுக்கத் தெரியவில்லை.

பெள்ளன் கட்டியிருந்தது செவணனின் தங்கையை. அவன் இறங்கும்போதெல்லாம் செவணன்தான் மேலே நிற்பான். ஒருநாள் காற்று திரும்பிவிட்டது. புகை வேறு பக்கம் போனது. தேனீக்கள் மேலே வந்தன. செவணன் கண்ணில் கொட்டின. கண்ணைத் துடைக்க அவன் ஒரு கையை எடுத்தான்.

மற்றக் கையில் கயிறு ஓடியது. உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. அந்தக் கை விடவில்லை. ஆனால் ஒரு கை போதவில்லை.

“மச்சான்!” என்று பெள்ளன் கத்தினான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு செவணன் யாரையும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை.



அவரைக்காய் நறுக்கி முடிவதற்குள் கரியன் வந்தான்.

கரியன் பெள்ளனின் தம்பி. தேன் பருவம் தொடங்கும்போதெல்லாம் மூங்கில் குழாயில் தேன் கொண்டுவருவான். அவன் தலை தெரிந்ததும் செவணன் கொல்லைப்பக்கமாக மறைந்துவிடுவான். அந்தத் தேனை அவன் நாக்கில் வைத்ததே இல்லை. மடத்தம்மாவும் யாத்திரைக்காரர்களும் நக்கித் தீர்ப்பார்கள். இந்தமுறை மடி நிறைய அவரைக்காயோடு மாட்டிக்கொண்டான்.

“மச்சான், நஞ்சி கேட்டுட்டு வரச் சொன்னா.”

நஞ்சி கரியனுக்கு அக்கா. பெள்ளனுக்குத் தங்கை. பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பவள்.

“என்னன்னு?”

“கட்டிக்கிறீங்களா இல்லையான்னு. இதுதான் கடைசித் தடவையாம். இல்லேன்னா இனிமே கேட்க மாட்டாளாம். அழவும் மாட்டாளாம். அதையும் சொல்லச் சொன்னா.”

செவணன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு நஞ்சியைப் பிடிக்கும். சுற்றிவளைப்பானேன், பெள்ளன் இருந்த காலத்திலிருந்தே பிடிக்கும். அதனால்தான் முகம் வெளுத்தது.

“அவ அண்ணனைக் கொன்னவன் நான், கரியா.”

“என்ன நடந்ததுன்னு அவளுக்குத் தெரியாதா மச்சான்? எல்லாத்தையும் யோசிச்சிட்டுத்தான் கேட்கறாளாம்.”

செவணன் மடியிலிருந்த காயெல்லாம் கொட்ட எழுந்தான். மடத்தம்மா காலில் விழுந்தான்.

“எனக்குக் காவி கொடுங்கம்மா. இன்னைக்கே கொடுங்க.”

“கொடுக்கலாமே,” என்றாள் அவள். “முன்னாடி பூசைக்குத் தேன் வேணும்.”

“கரியன் கொண்டுவந்திருக்கானே.”

“அது ஆகாது. காவி கட்டறவர் தானே இறங்கி எடுத்த தேனா இருக்கணும்.”

அப்படி ஒரு விதி எந்த மடத்திலும் கிடையாது. அது அப்போதுதான் பிறந்தது.

“நான் இறங்கினதே இல்லையம்மா. நான் மேல நிக்கிறவன்.”

“இப்பக் கீழ போங்க.”

“எனக்கு யார் கயிறு பிடிப்பா? எங்க மலையில கல்யாணம் ஆகாதவன் இறங்கவே முடியாது. பெண்டாட்டி வீட்டு ஆள் ஒருத்தன் மேல நின்னாத்தான்…”

“அப்படியா? எனக்குத் தெரியாதே,” என்றாள் மடத்தம்மா. அவளுக்குத் தெரியும்.

கரியன் தொண்டையைச் செருமினான்.

“நான் பிடிக்கிறேன்.”

செவணன் திரும்பினான். தன் கையை நீட்டிக் காட்டினான். வழுவழுவென்று இருந்த கை. தழும்பு விழுந்த கையை அவன் யாருக்கும் காட்டுவதில்லை.

“உங்க அண்ணனை விட்ட கை இது.”

“தெரியும்.”

“என் கயிற்றை நீ பிடிப்பியா?”

“பிடிக்கிறேன்னு சொன்னேனே மச்சான்.”

பிடிக்க மாட்டான் என்று செவணனுக்குத் தோன்றியது. எப்படிப் பிடிப்பான்? பாதியில் விட்டுவிடுவான். விடட்டும், அதுதான் நியாயம். அப்படி நினைத்ததும் நெஞ்சில் பாரம் இறங்கியதுபோல இருந்தது.

“சரி, வா,” என்றான்.



மடத்தம்மாவும் கூடவே வந்தாள். வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். இந்த மலையை இவ்வளவு உயரமாக வைத்தவனைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றாள்.

கரியன் முன்னால் ஓடிச் சேதி சொல்லியிருந்தான். ஊருக்குள் நுழைந்ததும் முதல் குடிசை வாசலில் நஞ்சி நின்றாள். தோளில் கயிற்றுச் சுருள். அதைக் கரியன் தோளுக்கு மாற்றினாள்.

“புதுசு. நான் முறுக்கினது,” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று சொல்ல முடியாது. யாரையும் பார்க்காமல்தான் சொன்னாள்.

பிறகு ராகிக் களியும் கீரையும் கொண்டுவந்து செவணன் முன்னால் வைத்தாள்.

“எனக்கு வேண்டாம். நான் உப்பு சேர்க்கறதில்லை.”

“இறங்கறவங்க வெறும் வயித்தோட இறங்கக் கூடாது. சாப்பிடுங்க.”

சாப்பிட்டான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நாக்கில் உப்புப் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“களி சுடுது,” என்றான்.

களி எப்போதோ ஆறிப்போயிருந்தது. நஞ்சி இன்னொரு உருண்டை வைத்தாள்.



பாறை உச்சியில் கரியன் கயிற்றை மரத்தில் சுற்றினான். நுனியைச் செவணன் இடுப்பில் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

“கை வலிச்சா விட்டுடு கரியா. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

“நீங்க நினைக்க மாட்டீங்க. எங்கக்கா என் தோலை உரிச்சுடுவா. பேசாம இறங்குங்க.”

மடத்தம்மா தேனீக்குப் பயந்து தலையிலிருந்து கால்வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். ஞானிக்குப் பயம் உண்டா என்று கேட்பவர்கள் அந்த மலைத் தேனீயைப் பார்த்ததில்லை.

செவணன் இறங்கினான்.

எத்தனையோ தடவை மேலிருந்து பார்த்த பாறை. இப்போது அது அவன் மூக்கில் உரசியது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கயிறு மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரண்டு கைகள் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தன. அவன் உடம்புக்கு இது பழக்கமில்லை. பெற்றவள் இடுப்பைவிட்டு இறங்கிய பிறகு அவனை யாரும் தாங்கியதில்லை. தாங்க வந்தவர்களையும் அவன் விட்டதில்லை.

புகை போட்டான். அடையை அறுத்தான். கூடை நிறைந்தது. கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தான். கரியன் மேலே ஏற்றத் தொடங்கினான்.

பாதி வந்தபோது காற்று திரும்பியது.

செவணன் அதை முதுகில் உணர்ந்தான். தேனீக்கள் அவனைக் கடந்து மேலே போகிற இரைச்சலைக் கேட்டான். மேலே கரியன் அலறினான்.

கயிறு நழுவியது.

விழுவதற்குத்தான் அவன் வந்திருந்தான். அது அவன் கைகளுக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டன. வாயும் அவனைக் கேட்காமல் கத்தியது.

“மச்சான்!”

கயிறு நின்றது.

செவணன் பாறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு தொங்கினான். தான் கத்தியதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

மேலிருந்து குரல் வந்தது.

“இருக்கேன் மச்சான்! இருக்கேன்!”



அவனை மேலே இழுத்துப் போட்டபோது கரியனுக்கு ஒரு கண் முழுக்க மூடிப்போயிருந்தது. முகம் பலாப்பழம்போல வீங்கியிருந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

“மன்னிச்சிடுங்க மச்சான். கண்ணுல கொட்டிடுச்சு. ஒரு கையை எடுத்துட்டேன்.”

“நீயுமா?”

“எடுக்கக் கூடாதுன்னு தெரியும். கை தானாப் போயிடுச்சு.”

“கயிறு ஓடிச்சா?”

“ஒரு முழம் ஓடிச்சு. அப்புறம் பிடி கிடைச்சிடுச்சு.”

செவணன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான்.

“எனக்குக் கிடைக்கலை.”

“ஆமா மச்சான். உங்களுக்குக் கிடைக்கலை.”

கரியனின் உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. செவணன் அதைத் தன் தழும்புக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். கரியனும் கையை இழுக்கவில்லை. அவனும் விடவில்லை.

பிறகு செவணன் கம்பளியைப் பார்த்துச் சொன்னான்:

“அம்மா, பெள்ளன் கடைசியா என்னைத் திட்டினான்னு இத்தனை வருஷம் நெனச்சிட்டிருந்தேன்.”

“ம்.”

“திட்டலைம்மா. அந்த நேரத்துல திட்டவே வராது. மேல நம்ம ஆள் நிக்கிறான்னு கூப்பிடத்தான் வரும்.”

“இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன, தொங்கியா பார்த்திருக்கேன்?” என்றது கம்பளி.

செவணன் கூடையிலிருந்து அடையைப் பிட்டான். முதல் துண்டைக் கரியன் வாயில் வைத்தான். அடுத்ததைக் கம்பளிக்கு வெளியே நீண்ட கையில் வைத்தான். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் வாயில் போட்டுக்கொண்டான்.

கண்ணை மூடிக்கொண்டு மென்றான். மெல்ல மெல்ல அழுதான். அழுதபடியே, “நல்லாருக்கு கரியா, ரொம்ப நல்லாருக்கு,” என்றான்.

மடத்தம்மா கம்பளியை விலக்கிக்கொண்டு எழுந்தாள்.

“பூசைக்குத் தேன் வந்தாச்சு. அப்ப காவி எப்ப கட்டறீங்க அண்ணா?”

செவணன் விரலில் வழிந்த தேனை நக்கினான்.

“நஞ்சியை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்மா.”