நாற்பத்திரண்டு பாறைகள்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் உடனே தர மாட்டேன். கடைசிவரை இருங்கள்.

கருங்காட்டில் ஒரு பல்கலைக்கழகம். முயல், அணில், உடும்பு எல்லாம் எருமைமேல் ஏறித்தான் படிக்க வரும். காலையில் வாசலில் நகர இடமிருக்காது.

"எருமை நிறுத்த ஓர் இடம் போடுங்க" என்று துணைவேந்தர் யானை உத்தரவிட்டார்.

திட்ட அதிகாரி மயிலார் வாசலில் நின்று எண்ணினார். நாற்பத்திரண்டு எருமை. வகுப்புகளுக்குப் பக்கத்தில் இடம் தேடினார். ஒரு குட்டைதான் இருந்தது. கிட்டே போனால் தோகையில் சேறு படுமே! மாடியிலிருந்தே பார்த்து வரைபடத்தில் எழுதினார்: 'குட்டை. உள்ளே நாற்பத்திரண்டு கரும்பாறைகள். பாறைகளை அகற்றி, குட்டையை மூடவும்.'

சிரிப்பு வருகிறதா? அடக்கிக்கொள்ளுங்கள். இன்னும் நேரமாகவில்லை.

குட்டைத் தவளை பொன்னாத்தா பதறிப்போய் மாடி ஏறினாள்.

"சார், என் பிள்ளைங்க முந்நூறும் அதுலதான் நீந்துது. இன்னும் வாலே உதிரலை. மூடிட்டா எங்க போகும்? ஒரு தடவை இறங்கி வந்து பாருங்க சார்."

"மாடியிலிருந்தே எல்லாம் தெரியுதும்மா. மனு எழுதிக் குடுத்துட்டுப் போ."

பொன்னாத்தா அழுதுகொண்டே வந்தாள். வழியில் மைனா சொக்கி உட்கார்ந்திருந்தாள். எந்தக் குரல் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டுகிறவள்.

"அழாதேக்கா. அவரை நான் இறக்கிக் காட்டுறேன்."

மறுநாள் மதியம் மயிலாரின் ஜன்னலுக்கு வெளியே யானைக் குரல் கேட்டது.

"யோவ் மயிலு! இன்னைக்கே பூமி பூஜையைப் போட்டுடு. கரையில சேறு. பாறைமேல நின்னு பேசு. அப்பதான் எடுப்பா இருக்கும்."

"உத்தரவுங்க ஐயா!" என்று மயிலார் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார்.

தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரையோரப் பாறைமேல் தாவி நின்றார். மாணவர்கள் கூடினார்கள்.

"யாருக்கும் பயன்படாத இந்தக் குட்டையில், நாற்பத்திரண்டு எருமைகளும் சுகமாக நிற்கப்போகின்றன!"

"கால் வழுக்குதா சார்?" என்றாள் சொக்கி.

"பாறை கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு. வெயில்தான்."

"மூச்சு விடுதே சார்?"

"பாறை எங்கயாவது மூச்சு விடுமா? போம்மா அந்தப் பக்கம்."

சொக்கி தொண்டையைச் செருமினாள். டாண்! டாண்! டாண்! சாயங்கால மணியேதான். அந்த மணி அடித்தால் எருமைகள் எழுந்து வாசலுக்குப் போகும். தினசரி வழக்கம்.

பாறைகள் எழுந்தன.

மயிலாரைச் சுமந்தபடி முதல் பாறை கரையேறியது. வாலைச் சுழற்றி அவர் தோகை முழுக்கச் சேறு அடித்தது. பின்னால் நாற்பத்தொரு பாறைகள் வரிசையாக நடந்தன. இப்போது சிரியுங்கள்.

"எருமை நாற்பத்திரண்டு..." மயிலார் முணுமுணுத்தார். "பாறை... நாற்பத்திரண்டு..."

கரையிலிருந்து பொன்னாத்தா கேட்டாள்: "இவ்வளவு நாளும் இதுங்க எங்க நின்னுதுன்னு நினைச்சீங்க சார்?"

மயிலார் குட்டையைப் பார்த்தார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். மெதுவாக அதைக் கிழித்தார்.

ஓர் இடத்தை மாற்றத் துணிகிறவர், அது ஏற்கெனவே யாருக்கு உதவுகிறது என்று முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும்.